பழவேற்காடு கடற்கரை: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு திருவொற்றியூரில். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் பழவேற்காடு. இந்த இரண்டு விஷயமும் தெரிந்தவர்கள் யாரும் என்னைச் சும்மா விட்டதில்லை. டிசம்பர் பிறந்தால் போதும், ஆபீஸ் கேன்டீனில் ஆரம்பித்துக் கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் அதே கேள்விகள்தான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பழவேற்காடுங்கிறது ஏரியா, கடலா, ஆறா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

மூன்றும்தான். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியைத் தாண்டி இருக்கிறது. ஊர்க்காரர்கள் "ஏரி" என்று சொல்வது நம்ம புழல் ஏரி மாதிரி நல்ல தண்ணீர் ஏரி இல்லை. கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு முனை மட்டும் நமக்கு.

தெற்கே ஆரணி ஆறு, வடமேற்கே காளங்கி, இன்னும் வடக்கே சுவர்ணமுகி என்று ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து இதில் கொட்டுகின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒல்லியாக, நீளமாக ஒரு மணல் மேடு. அந்த மேட்டின் கிழக்குப் பக்கம்தான் நீங்கள் கேட்கிற பீச். மேட்டை உடைத்துக்கொண்டு ஏரி கடலைத் தொடும் இடம் முகத்துவாரம். கீழே பாதி பதில்களில் இந்த வார்த்தை வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ல, ட்ரெயின்ல போக முடியுமா? கார் கண்டிப்பா வேணுமா?

கார் வேண்டாம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. முன்னிரவில் பஸ் குறைந்துவிடும், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வண்டியில் வருகிறவர்களுக்கு மீஞ்சூர், பொன்னேரி வழிதான் பத்திரம். காட்டுப்பள்ளியிலிருந்து கரையோரமாக ஒரு சாலை மேலே வருகிறது, போட்டோவில் பார்க்க அழகு. ஆனால் புயல், மழைக் காலத்தில் கடல் ஏறி அந்தச் சாலையில் மணலைத் தள்ளிவிடும். முந்தின நாள் யாரிடமாவது விசாரிக்காமல் அதில் இறங்காதீர்கள்.

ஊருக்குள்ள போனா கடலே தெரியலையே, பீச் எங்க?

இது முதல் தடவை வருகிற எல்லோருக்கும் நடக்கும். பஸ் நிற்பது ஏரியின் மேற்குக் கரையில். அங்கே தெரிகிற தண்ணீரைக் கடல் என்று நினைத்து செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிய உறவினர் எனக்கு உண்டு. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போக வேண்டும். கலங்கரை விளக்கத்தைக் குறி வைத்துப் போனால் பிறகு சவுக்கு மரங்கள், மணல், கடல்.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கள். "நாலு டயர் தடம் தெரியுதே" என்று நானும் ஒருமுறை இறக்கினேன். பத்தடி கூடப் போகவில்லை, பின் சக்கரம் அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம். கடைசியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, சவுக்கு மிலாறை அடியில் போட்டு, படகு இழுக்கும் கயிற்றைக் கட்டி இழுத்து விட்டார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். "அடுத்த தரம் நடந்து வா தம்பி" என்றார் பெரியவர். அந்தத் தடம் டிராக்டர் தடமாம்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை விட்டிருக்கும், வெயில் கடிக்காது, பறவைகள் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஆந்திரா பக்கம் பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆரணி ஆறு புரண்டு வரும், ஏரி செம்மண் நிறத்தில் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நிழல் என்று ஒன்று கிடையாது.

காணும் பொங்கலன்று மட்டும் வராதீர்கள். மெரினாவுக்குப் பயந்து இங்கே வருகிற கூட்டமே ஒரு மெரினா. போலீஸ் கயிறு கட்டிக் கடலில் இறங்க விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

கடல்ல குளிக்கலாமா? பசங்க கேக்க மாட்டேங்குறாங்க.

கால் நனைக்கலாம். குளிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில், எத்தனை தடவை கேட்டாலும். ஆபத்துக்குக் கூப்பிட்டால் ஓடிவர அங்கே ஆள் நிற்பதில்லை, ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. மெரினாவில் ஒருவர் தடுமாறினால் நூறு பேர் பார்ப்பார்கள். இங்கே பார்க்க நண்டுதான் இருக்கும்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கால் நனைக்கவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் பசங்க கேட்பார்கள். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது பெரிய அளவில் இல்லை, அமாவாசை பௌர்ணமிக்கே சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் ஏரி எவ்வளவு அகலம், வாசல் எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஏரியில் ஏறியிருந்த தண்ணீரெல்லாம் அந்தச் சின்ன வாசல் வழியாக ஒரே சமயத்தில் கடலுக்கு ஓடும். மேலே பார்த்தால் அலைகூட இருக்காது, வழுவழுவென்று அமைதியாகத் தெரியும். அந்த அமைதிதான் இழுப்பு. அலை உடைகிற இடத்தைவிட அலை உடையாத இடம் பயங்கரம் என்று மாமா (அக்கா வீட்டுக்காரர், ஏரியில் இறாலுக்குப் போகிறவர்) சொல்வார்.

யாராவது இழுபட்டுவிட்டால் கரையைப் பார்த்து நேராக எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு கரையேற வேண்டும். பார்க்கிறவர்கள் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ, காலி கேனோ வீசுங்கள்.

சரி, ஏரிப் பக்கம் முழங்கால் தண்ணிதானே? அதுல நடக்கலாமா?

சராசரியாகப் பார்த்தால் ஒரு மீட்டர் ஆழம்தான், உண்மை. சராசரி என்பது ஆளை ஏமாற்றுகிற கணக்கு. படகு ஓடும் தடம் திடீரென்று ஆழமாக இருக்கும். மற்ற இடத்தில் ஆறு கொண்டுவந்த வண்டல், கால் வைத்தால் முழங்கால் வரை சேறு இழுக்கும், செருப்பு திரும்பி வராது. சேற்றுக்குள் சிப்பி ஓடு பிளேடு மாதிரி நிற்கும். என் அக்கா மகன் பிறந்து வளர்ந்த ஊர், அவன் காலிலேயே மூன்று தழும்பு.

போட்டிங் இருக்கா? கரையில ஒருத்தர் கூப்பிட்டார், தலைக்கு இவ்வளவுன்னு.

போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை. கூப்பிடுகிறவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, வலையில் ஒன்றும் விழாத நாளில் வீட்டுச் செலவுக்குக் கூப்பிடுகிறார். ஆனால் அது மீன் பிடிக்கக் கட்டிய படகு. அதில் பத்து பேர் ஒரே பக்கம் போய் பறவையை போட்டோ எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

அக்கா வீட்டில் அந்தத் தேதி வந்தால் இன்றைக்கும் பேச்சு குறைந்துவிடும். படகுச் சவாரிதான் வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு படகுத்துறை இருக்கிறது, லைஃப் ஜாக்கெட் கொடுத்து ஏற்றுவார்கள்.

பூநாரை பாக்கத்தான் வந்தோம், ஒண்ணுகூட இல்லையே?

பூநாரைக்கு உங்கள் விடுமுறைக் கணக்கு தெரியாது. தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்துத் தின்கிற பறவை அது. காலூன்றி நிற்கத் தண்ணீர் ஆழம் குறைவாக இருக்க வேண்டும். மழை கொட்டித் தீர்த்த வருஷம் ஏரி நிரம்பிக் கிடந்தால் ஆழமில்லாத இடம் தேடி வடக்கே ஆந்திரா பக்கம் போய்விடும். தண்ணீர் இறங்க இறங்க ஜனவரி, பிப்ரவரியில் இந்தப் பக்கம் தலைகாட்டும்.

பழவேற்காடு ஊரில் நின்று தேடாமல் அண்ணாமலைச்சேரிப் பக்கம் காலையில் போங்கள். பைனாகுலர் அவசியம், வெறும் கண்ணுக்குத் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். அது பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு திறக்கும். அதைப் பார்ப்பதற்காகக் கல்லெறிந்து கிளப்பிவிடுகிற ஆட்களும் உண்டு. ஏரியின் நம் பக்கம் 1980-ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். கல்லெறிவது குற்றம் என்பதோடு, பசியோடு வந்த விருந்தாளியைப் பந்தியில் இருந்து எழுப்புகிற வேலை. பூநாரை கிடைக்காவிட்டாலும் கூழைக்கடா, நாரை, கொக்கு, ஆலா என்று பாதி நாள் ஓடிவிடும்.

நண்டு, இறால் அங்க மலிவா? ஏமாத்துவாங்களா?

காசிமேட்டைவிட மலிவு என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். நல்ல சரக்கு விடியற்காலை ஏலத்திலேயே வியாபாரிகள் கைக்குப் போய், பெரிய கழி நண்டு ஏற்றுமதிக்குக் கிளம்பிவிடும். நமக்கு லாபம் விலையில் இல்லை, உயிரோடு கிடைப்பதில்.

நண்டு வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள். மல்லாத்திப் பிடித்து, அடிப்பக்கம் கடைசிக் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டுப் பகுதியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் சதை இருக்கிறது. அப்பளம் மாதிரி உள்ளே போனால் ஓடு மாற்றி இப்போதுதான் வந்திருக்கிறது, உள்ளே தண்ணீர்தான். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். கட்டின கயிற்றையும் பாருங்கள், தடிமனான கயிறு தண்ணீரில் ஊறியிருந்தால் நண்டு விலைக்குக் கயிறு வாங்குகிறீர்கள். என் அக்கா கயிற்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டிட்டு நிறு அண்ணா" என்பாள். அதை நீங்கள் சொல்லி நடக்குமா என்று தெரியாது, முயன்று பாருங்கள். ஐஸ் பெட்டி கையோடு கொண்டுபோங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஏரிச் சரக்குக்குக் கிராக்கி ஏறும், விலையும் கூடவே ஏறும்.

நாங்களே தூண்டில் போடலாமா? தண்ணி பொதுச்சொத்துதானே?

கரையில் உட்கார்ந்து ஒரு தூண்டில் போட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வலை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினால் வருவார்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இறால் வருகிற வழிகளில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்பதைத் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் "பாடு". கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறைக்குப் பேர்போனவை. நல்ல இடம் ஒரே ஆளிடம் தேங்கிவிடாமல் சுற்றி வரும்.

ஏரியின் நடுவே வரிசையாகக் குச்சி நட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது குப்பை இல்லை, ஒருவருடைய அன்றைய பாடு. போட்டோவுக்காக அதைப் பிடுங்கி ஊன்றுகோலாக வைத்துக்கொண்ட ஒரு கும்பலை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

டச்சுக்காரங்க கல்லறை பாக்க வேண்டியதுதானா? குழந்தைங்க பயப்படுமா?

கட்டாயம் பாருங்கள். வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதால் குழந்தைகளுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. கல்வெட்டுகளின் எழுத்து வெட்டு இன்றைக்கும் கூர்மையாக நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி ஏற்றினார்கள், கோட்டைக்குள் வெடிமருந்து செய்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் 1639-ல் சென்னைக்கு வந்து இடம் பார்த்தபோது பழவேற்காடு ஏற்கெனவே பெரிய துறைமுகம். கோட்டை இப்போது முள்ளும் மேடும்தான், அதற்காக அலையாதீர்கள்.

"பளையகாட்" லுங்கி கட்டாத வீடு தமிழ்நாட்டில் இருக்கிறதா? அந்தப் பெயர் இந்த ஊர்ப் பெயர்தான்.

டாய்லெட், சாப்பாடு?

பொன்னேரியிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், இரண்டையும். ஊருக்குள் மீன் சாப்பாடு போடும் சின்னக் கடைகள் உண்டு, பீச்சில் ஒன்றும் கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் காலியானதும் திரும்பக் கொண்டுபோங்கள்.

ராக்கெட் விடறது இங்கிருந்து தெரியுமாமே?

தெரியும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். முதலில் வெளிச்சம் மட்டும் எழும்பும், சத்தமே இருக்காது. "அவ்வளவுதானா" என்று நாம் திரும்பும்போது, ஒன்றரை நிமிஷம் கழித்து வந்து சேரும் சத்தம், வயிற்றில் உறுமும். அக்கா வீட்டில் எவர்சில்வர் தட்டு அலமாரியில் கிலுகிலுக்கும்.

ஆனால் ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை இருக்கும், கரைக்கு வருகிறவர்களையும் சில நேரம் திருப்பி அனுப்புவார்கள். மாமாவுக்கு அன்றைக்குக் கூலி இல்லை, நமக்குத் திருவிழா. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே 2019 முதல் பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் இருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கரையில பெரிய ஆமை செத்துக் கிடந்துச்சு. என்ன வியாதி?

பெரும்பாலும் வியாதி இல்லை, மூச்சுத் திணறல். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை முட்டையிடக் கரைக்கு வரும். ஆமைக்கு நுரையீரல், தண்ணீருக்கு மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னை, அதைச் சுற்றிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக் கூடாது என்பது சட்டம். சின்னப் படகுக்காரர்களும் ஆமைகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு முட்டையிட வந்திருந்தால் டார்ச், ஃபிளாஷ் எதுவும் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள்.

முகத்துவாரம் அடைஞ்சுடுச்சுன்னு போராட்டம் பண்றாங்களே, மண்ணை அள்ளிட்டா முடிஞ்சதுதானே?

அள்ளுகிறார்கள், மறுபடி மூடிக்கொள்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதம் அலை நம் கரையில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். அந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே வந்து படுக்கும். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் அதை உடைத்துத் தள்ளும். கோடையில் ஆற்றில் தண்ணீர் ஏது? குளியல் பற்றிய பதிலில் சொன்ன ஏற்றம் வற்றம் மட்டும் அத்தனை மணலைத் தள்ளப் போதாது. வாசல் மூடும்.

மூடினால் படகு வெளியே போக முடியாது. கடலில் பொரிந்த இறால் குஞ்சு வளர்வதற்கு உள்ளே வர முடியாது. வெயிலில் ஏரித் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும், கடலைவிடக் கரிக்கும். நமக்கு ஆபத்து என்று நான் எச்சரித்த அதே இழுப்புதான் அவர்களுக்குச் சோறு. பலமுறை ஊரே வரி போட்டு வெட்டித் திறந்திருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல் சுவர் கட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்க அரசு திட்டம் போட்டது அதனால்தான்.

துறைமுகம் வந்தா வேலை கிடைக்குமே, இவங்க ஏன் எதிர்க்கறாங்க?

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைச் சொல்கிறீர்கள். வேலை கிடைக்கும் என்கிற வாதமும் இருக்கிறது, அக்கா வீட்டுத் தெருவிலேயே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. எதிர்ப்புக்குக் காரணம் போன பதிலில் சொன்ன அந்த மணல் நடைதான். கடலுக்குள் கல் சுவர் நீட்டினால் வடக்கே போகிற மணல் சுவரின் தெற்கே தங்கிவிடும், வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளி தெற்கே, பழவேற்காடு வடக்கே.

இதைக் கற்பனை என்று சொல்ல சென்னைக்காரனுக்கு அருகதை இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் தெருக்களைத் தின்றது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கரையெல்லாம் கொட்டி வைத்த கருங்கல்தான், மணல் தெரியாது. மணலைப் பார்க்க அக்கா வீட்டுக்குத்தான் போகிறேன்.

மேப்ல பாத்த இடத்துல முகத்துவாரமே இல்ல, வேற எங்கயோ இருக்கு. மேப் தப்பா?

மேப் எடுத்த நாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். வாசல் மூடி, மழையில் உடையும்போது பழைய இடத்தில்தான் உடைய வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மாமா வலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அவர் நடந்துபோன மணல் இன்றைக்குத் தண்ணீர்.

மேப்பை மூடிவிட்டு, கரையில் வலை தைத்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னிக்கு மொகத்துவாரம் எங்க, தண்ணி ஏத்தமா வத்தமா?" என்று கேளுங்கள். ஊசியைக் கீழே வைக்காமலே தாடையால் திசை காட்டுவார். அந்தப் பக்கம் பசங்களை விடாதீர்கள்.